முயலின் குடலில் இரண்டு நூல் முடிச்சுகள்: சம்புநாத் டேயின் கதை

யாழ்ப்பாணத்தில் கோபம் வந்த ஆச்சிமாரின் வாயில் இன்றைக்கும் விழுகிற ஒரு சொல் 'கொதாரி'. பாலைத் தட்டிவிட்ட பூனைக்கும், சொல்வழி கேளாத பேரனுக்கும், மின்சாரம் நின்றுபோன இரவுக்கும் அதே சொல்தான். அது ஒரு நோயின் பெயர் என்பது திட்டுபவர்களுக்கும் தெரியாது, திட்டு வாங்குபவர்களுக்கும் தெரியாது. கொதாரி என்றால் வாந்திபேதி. ஆங்கிலத்தில் கொலரா. 1866-67 காலப்பகுதியில் அது யாழ்ப்பாணத்து ஊர்களை வாரிக்கொண்டு போனது. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனும் அவரது தமிழ் மாணவர்களும் அந்த நாட்களில் ஓய்வொழிச்சல் இல்லாமல் அலைந்தார்கள். காலையில் தோட்டத்துக்குப் போன மனிதர் மாலையில் பாடையில் போகிற நோய் அது. அந்தப் பயம்தான் ஒரு வசைச்சொல்லாக நம்மிடம் மிஞ்சியிருக்கிறது.

அந்த நோய் மனிதரை எப்படிக் கொல்கிறது என்ற கேள்விக்குச் சரியான பதிலின் முதல் பாதியைக் கண்டுபிடித்தவர் ஐரோப்பியர் அல்லர். கல்கத்தாவில் ஓர் அரசாங்க மருத்துவக் கல்லூரியில், பெரிய உபகரணங்கள் எதுவும் இல்லாத ஆய்வுகூடத்தில், முயல்களோடும் நூலோடும் வேலை செய்த ஒரு வங்காளி. பெயர் சம்புநாத் டே. எங்கள் பாடப்புத்தகங்களில் ரொபர்ட் கொக் இருக்கிறார், ஜோன் ஸ்னோ இருக்கிறார். டே இல்லை. இந்தியப் பாடப்புத்தகங்களிலும் அவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

1915 பெப்ரவரி 1ஆம் திகதி, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற கிராமத்தில் அவர் பிறந்தார். தகப்பன் சிறு வியாபாரி. வியாபாரம் பெரிதாக ஓடவில்லை. குடும்பத்தில் படித்தவர் என்று சொல்ல ஒரு சிற்றப்பா மட்டுமே இருந்தார், அவருடைய தூண்டுதலில்தான் பையன் பள்ளிக்கூடம் போனான். ஊர்ப் பள்ளியில் திறமையாகச் சித்தியடைந்து, மாவட்டப் புலமைப்பரிசில் வாங்கி, ஹூக்ளி மொஹ்சின் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்குத் தெரிவானார். தெரிவான பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. கல்கத்தாவில் தங்கிப் படிக்கக் காசு கிடையாது. ஒரு பணக்கார வணிகர் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்துச் செலவையும் ஏற்றுக்கொண்டார். நன்கொடையாளர் ஒருவரின் தயவில் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அந்தக் கடனின் பாரம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு விளங்கும்.

1939இல் வைத்தியரானார். 1942இல் வெப்பவலய மருத்துவத்தில் டிப்ளோமா. கல்லூரியில் அவரைக் கவனித்த பேராசிரியர் எம்.என். டே பின்னர் தன் மகள் தருபாலாவை அவருக்கே கட்டிக்கொடுத்தார். மாமனாரின் ஏற்பாட்டில் 1947இல் லண்டன் பயணம். யுனிவர்சிட்டி கொலேஜ் வைத்தியசாலையின் மருத்துவக் கல்லூரியில், அக்காலத்தில் பேர்போன நோயியலாளரான ரோய் கமரனிடம் மாணவராகச் சேர்ந்தார்.

லண்டனில் அவர் செய்த ஆய்வுக்கும் கொலராவுக்கும் வெளித்தோற்றத்தில் தொடர்பே இல்லை. நரம்புத் தொகுதியில் ஏற்படும் தாக்கத்தால் நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்வது எப்படி என்பதே விடயம். 1949இல் கமரனும் டேயும் சேர்ந்து அதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள், அதே ஆண்டில் டேக்குக் கலாநிதிப் பட்டமும் கிடைத்தது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் தொடர்பு இருக்கிறது. உடம்புக்குள் இருக்க வேண்டிய நீர், இருக்கக்கூடாத பக்கத்துக்கு ஏன் கசிகிறது? நுரையீரலைப் பார்த்துக் கேட்ட கேள்வியை அவர் ஊருக்குத் திரும்பியதும் குடலைப் பார்த்துக் கேட்டார்.

கேட்பதற்குக் காரணம் ஆய்வுகூடத்துக்கு வெளியிலேயே கிடந்தது. பிரிவினைக்குப் பிறகான கல்கத்தா அது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் புகையிரத நிலையங்களிலும் தெருக்களிலும் குடியிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் கொலரா வந்து போனது. டே அப்போது வேலை பார்த்த நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியோ சியால்தா புகையிரத நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்த நேரத்தில் கொலரா பற்றி உலகம் அறிந்திருந்தது இவ்வளவுதான். 1883 டிசம்பரில் ரொபர்ட் கொக் இதே கல்கத்தாவுக்கு வந்து, காற்புள்ளி போல வளைந்த ஒரு பற்றீரியாவே காரணம் என்று 1884இல் அறிவித்தார். அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் அவர் ஊகித்தார். அதற்குப் பிறகு எழுபது வருடம் அந்த நஞ்சை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஏன்? எல்லோரும் தேடிய இடம் பிழை. நஞ்சென்றால் இரத்தத்தில் கலந்து உடம்பைத் தாக்க வேண்டும் என்று நினைத்து, மிருகங்களின் நாளத்திலும் வயிற்றறையிலும் ஊசி மூலம் பற்றீரியாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிருகங்கள் செத்தன. ஆனால் கொலராவால் சாகவில்லை. பற்றீரியாவின் உடல் சிதைந்து வெளிவரும் வேறொரு பொருளால் செத்தன. வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கும் ஏமாற்றம்தான். வளர்ந்த மிருகங்களுக்கு கொலரா பிடிப்பதே இல்லை.

இன்னொரு பிழையும் கூடவே வந்தது. கொலராவால் இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்த பழைய நோயியலாளர்கள், குடலின் உட்பூச்சு உரிந்து கிடப்பதைக் கண்டார்கள். ஆகவே பற்றீரியா குடற்சுவரை அரித்துவிடுகிறது, அரிந்த இடத்தால் உடம்பின் நீர் ஒழுகுகிறது என்று முடிவு செய்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓட்டை விழுந்த குடம் ஒழுகத்தானே செய்யும்? ஆனால் இறந்த பிறகு எவருடைய குடற்பூச்சும் சில மணி நேரத்திலேயே தானாக உரிந்துவிடும். சாவின் அடையாளத்தை நோயின் அடையாளமாக அவர்கள் வாசித்துவிட்டார்கள்.

டே செய்தது சொல்லப்போனால் சிரிப்பு வருகிற அளவுக்கு எளிமையானது. முயல் ஒன்றைப் பட்டினி போட்டு, மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். துண்டு வெட்டப்படவில்லை. இரத்தக் குழாய்கள் அப்படியே வேலை செய்தன. உள்ளே இருப்பது மட்டும் முன்னும் போகாது, பின்னும் போகாது. அந்தக் கட்டிய பைக்குள் கொலராப் பற்றீரியா வளர்ந்த திரவத்தைச் சிறிதளவு செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டுக் காத்திருந்தார். மறுநாள் திறந்தபோது அந்தத் துண்டு பலூன் மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே கொலரா நோயாளியின் கழிவில் காணும் அதே கஞ்சித்தண்ணீர் போன்ற திரவம். பக்கத்தில் வேறு திரவம் செலுத்திக் கட்டிய துண்டு வெறுமையாகச் சுருங்கிக் கிடந்தது.

1953இல் டி.என். சட்டர்ஜியுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். இதே மாதிரியான ஒன்றை இரண்டு ஆய்வாளர்கள் 1915இலேயே பிரெஞ்சு மொழியில் எழுதி, அது அப்படியே மறக்கப்பட்டுப் போயிருந்தது. 1915 டே பிறந்த வருடம் என்பது ஒரு தற்செயல். நல்ல யோசனை இரண்டு தடவை பிறக்க வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

1955இல் டே கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல், பற்றீரியவியல் துறையின் தலைவரானார். அடுத்த வருடம் அதே நூல் முடிச்சு முறையால், சாதுவான குடல்வாசி என்று எல்லோரும் நினைத்திருந்த ஈ-கோலை பற்றீரியாவின் சில வகைகளும் முயலின் குடலில் இப்படி நீரைச் சுரக்கச் செய்வதைக் காட்டினார். வெளிநாடு போன பயணிகளும் எங்கள் ஊர்க் குழந்தைகளும் வயிற்றோட்டத்தால் படும் பாட்டில் ஈ-கோலைக்குப் பெரும் பங்குண்டு என்பது இன்று பாலபாடம். அப்போது அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர்.

மிச்சமிருந்தது ஒரு கேள்வி. நீரைச் சுரக்கச் செய்வது உயிருள்ள பற்றீரியாவா, அது வெளிவிடும் ஒரு பொருளா? டே பற்றீரியாவைத் திரவத்தில் வளர்த்து, பிறகு அந்தத் திரவத்தை வடிகட்டி, ஓர் உயிருள்ள பற்றீரியாகூட இல்லாத தெளிந்த நீரை எடுத்தார். அதை முயலின் கட்டிய குடலுக்குள் செலுத்தினார். குடல் வீங்கியது. கொக் ஊகித்த நஞ்சு இருக்கிறது என்பதும், அது இரத்தத்தில் அல்ல, குடலின் உட்பக்கத்திலேயே வேலை செய்கிறது என்பதும் அத்தோடு முடிவாகிவிட்டது. 1959 மே மாதம் 30ஆம் திகதி நேச்சர் சஞ்சிகையில், இரண்டு பக்கத்துக்குள், தனியொருவரின் பெயரில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதே வருடம் பம்பாயில் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் சகாக்களும் குட்டி முயல்களை வைத்து வேறு வழியால் இதே முடிவுக்கு அருகே வந்திருந்தார்கள். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒருவரையொருவர் சாராமல்.

இனித்தான் விடயம் சிக்கலாகிறது. நஞ்சு இருக்கிறது, சரி. அது என்ன செய்கிறது? டேயும் அவர் காலத்தவர்களும் 'ஊடுபுகவிடும் தன்மை' என்ற சொல்லில் பதிலைத் தேடினார்கள். நஞ்சு பட்டதும் குடற்சுவரும் அதன் இரத்த நுண்குழாய்களும் நீரை அதிகமாக ஊடுபுக விடுகின்றன என்பது அவர்களுடைய எண்ணம். அது பாதி சரி, பாதி பிழை. எது சரி எது பிழை என்று விளங்க, குடற்சுவர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் படித்தது ஊடகக் கற்கை. எனக்கு இது விளங்கியது எங்கள் வீட்டு வேலியை வைத்துத்தான், ஆகவே அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

குடலின் உட்பூச்சு ஒரேயொரு வரிசைக் கலங்களால் ஆனது. உணவு, நுண்ணங்கிகள், நஞ்சுகள் எல்லாம் ஒரு பக்கம், இரத்தம் மறுபக்கம், நடுவில் ஒற்றை வரிசை வேலி. இந்த வேலியைக் கடக்க இரண்டு வழி. ஒன்று கலத்துக்குள்ளால் போவது. அதற்குக் கலமென்சவ்வில் படலைகள் உண்டு, ஒவ்வொரு படலையும் குறித்த சில பொருட்களுக்கு மட்டுமே திறக்கும். மற்றது பக்கத்துப் பக்கத்துக் கலங்களுக்கு இடையிலான இடுக்கால் போவது. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலிகளில் பொட்டு என்று ஒன்று இருக்குமே, அயல்வீட்டுக்காரர் குனிந்து வந்துபோகிற சின்னத் திறப்பு. அதைப் போல.

அந்த இடுக்குகளை 1963இல்தான் சரியாகக் கண்டார்கள். அமெரிக்காவில் மெரிலின் ஃபார்குவாரும் ஜோர்ஜ் பலாடேயும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, கலங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே, இரண்டு சவ்வுகளும் ஒட்டித் தைத்தது போல ஒரு பட்டி கலத்தைச் சுற்றி ஓடுவது தெரிந்தது. அதை இறுக்கச் சந்தி என்கிறார்கள். அதற்குக் கீழே கலங்களைப் பிணைத்து வைக்கும் வேறு இரண்டு வகைச் சந்திகள். தொடக்கத்தில் இறுக்கச் சந்தி என்பது சீமெந்து பூசிய மாதிரி எதையும் விடாத அடைப்பு என்றே நினைத்தார்கள். அப்படியல்ல. அது ஓக்லூடின், குளோடின் என்ற புரதங்களால் பின்னிய வலை. குளோடின்களில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. சில வகைகள் இடுக்கை அடைக்கின்றன. சில, குளோடின்-2 போன்றவை, சோடியம் போன்ற நேரேற்ற அயன்கள் மட்டும் நுழையக்கூடிய நுண்துளைகளை அமைக்கின்றன. எந்த இடத்தில் எந்த வகை அதிகம் என்பதைப் பொறுத்து வேலி இறுகும் அல்லது தளரும். பெருங்குடலில் வேலி இறுக்கம். சிறுகுடலில் பொட்டுகள் அதிகம், அது இயல்பிலேயே கசிகிற வேலி.

அந்தக் கசிவு குறையல்ல, தேவை. குடித்ததும் சாப்பிட்டதும் உமிழ்நீரும் பித்தமும் மற்றச் சுரப்புகளுமாக நாளொன்றுக்கு எட்டு ஒன்பது லீற்றர் திரவம் குடலுக்குள் வருகிறது. வெளியே போவது அதில் ஒரு குவளைகூட இல்லை. அவ்வளவையும் திரும்ப உள்ளே எடுப்பதற்கு இறுக்கி அடைத்த வேலி உதவாது.

இப்போது கொலரா நஞ்சுக்கு வருவோம். 1958-59இல் பாங்கொக்கில் கொலரா பரவியபோது, உயிருள்ள நோயாளிகளின் குடலிலிருந்து சிறு இழையத் துண்டுகளை எடுத்துப் பார்த்த மருத்துவக் குழு ஒன்று 1960இல் ஒரு செய்தியை வெளியிட்டது. வேலி முழுதாக இருந்தது. உரியவில்லை, அரிக்கவில்லை. அப்படியானால் அந்த லீற்றர் கணக்கான நீர் எங்கிருந்து வந்தது?

விடை வர இன்னும் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. டே காட்டிய நஞ்சை 1969இல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைனும் லோஸ்பலுட்டோவும் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் ஒரு பகுதி குடற்கலத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. மற்றப் பகுதி உள்ளே நுழைந்து, கலத்துக்குள் இருக்கும் ஓர் ஆளியைப் போட்ட நிலையிலேயே பூட்டிவிடுகிறது. சுழல் ஏஎம்பி என்ற செய்திக் கடத்தி பெருகுகிறது. அதனால் குடலின் உட்பக்கத்தைப் பார்த்த குளோரைட்டுப் படலை திறந்தபடியே நிற்கிறது. குளோரைட்டு வெளியே கொட்டுகிறது. எதிரேற்றம் அந்தப் பக்கம் குவிந்ததும், நேரேற்றமுள்ள சோடியம் அதை நோக்கி இழுபடுகிறது. சோடியம் போகிற வழி எது? கலங்களுக்கு இடையிலான பொட்டுகள். உப்பு போன பக்கம் பிரசாரணத்தால் நீரும் போகிறது. மணிக்கு ஒரு லீற்றர் வரைக்கும் ஒருவர் இழக்கலாம்.

ஆக, டேயின் காலத்தவர்கள் நினைத்தது போல நஞ்சு வேலியைப் பெயர்க்கவில்லை. கலத்தின் படலையைத் திறந்து வைத்து, ஏற்கெனவே இருக்கிற பொட்டுகளைப் பயன்படுத்திக்கொள்கிறது. டேயின் விளக்கம் முழுமையாகச் சரிவரவில்லை. ஆனால் விளக்கத்தைச் சோதித்துப் பிழை பிடிக்க எல்லோரும் பயன்படுத்தியது அவருடைய நூல் முடிச்சைத்தான்.

வேலி உடையவில்லை என்ற கண்டுபிடிப்பு ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிடவில்லை. குடற்பூச்சு உரிந்துவிட்டதென்றால் வாயால் நீர் கொடுத்துப் பயனில்லை, உறிஞ்சக் கலங்களே இல்லை. முழுதாக இருக்கிறதென்றால் கொடுக்கலாம். கலத்துக்குள் குளுக்கோசும் சோடியமும் கைகோத்துச் செல்லும் ஒரு படலை உண்டென்று ரொபர்ட் கிறேன் 1960இல் சொல்லியிருந்தார். கொலரா நஞ்சு அந்தப் படலையைத் தொடுவதில்லை. சீனியும் உப்பும் சரியான அளவில் கலந்த நீர் உள்ளே போகும் என்பதை 1968இல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சட் காஷும் சகாக்களும் நோயாளிகளில் காட்டினார்கள். குளுக்கோசு உள்ளே போகும்போது இறுக்கச் சந்திகளும் சற்றுத் தளர்ந்து நீரையும் கூடவே இழுத்துச் செல்கின்றன என்று ஜோன் பேப்பன்ஹைமர் 1987இல் எழுதினார். அதாவது, கொலராவில் நீர் வெளியேறப் பயன்படும் அதே பொட்டால், திரும்ப உள்ளே வரவும் வழியிருக்கிறது.

1971இல் பங்களாதேஷ் யுத்தம். எல்லை தாண்டி வந்த இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியப் பக்கத்து முகாம்களில். பொன்காவ் முகாம் வைத்தியசாலையில் கொலரா நோயாளிகள் நிலத்தில், தங்கள் கழிவுக்குள்ளேயே கிடந்தார்கள். நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. வைத்தியர் திலீப் மஹலானாபிஸ் உப்பு-குளுக்கோசுக் கலவையைப் பீப்பாய்களில் கரைத்து, உறவினர்களின் கையிலேயே குவளையைக் கொடுத்துப் பருக்கச் சொன்னார். முகாமில் முப்பது வீதமளவில் இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 வீதத்துக்கு இறங்கியது. மெனிக் பாம் முகாமில் இருந்த எவருக்கும், முகாமில் வயிற்றோட்டம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் வைத்தியசாலைகளிலும் மருந்துக்கடைகளிலும் 'ஜீவனி' என்று கொடுக்கிற பக்கற் அதே கலவைதான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது டே எங்கே? கல்கத்தாவில்தான். 1961இல் கொலராவின் புதிய உலகப் பரவல் இந்தோனேசியாவிலிருந்து தொடங்கியதும், மேற்கு நாடுகளின் பணமும் ஆய்வாளர்களும் டாக்காவிலும் மற்ற இடங்களிலும் குவிந்தார்கள். முயல் குடல் முறை எல்லா ஆய்வுகூடங்களிலும் வழக்கமாகியது. வழக்கமாகிப்போன ஒன்றுக்கு யாரும் உரிமையாளர் பெயரைத் தேடுவதில்லை. நஞ்சைத் தூய்மையாக்கும் வேலையை டேயும் முயன்றார். அதற்கு வேண்டிய கருவிகளோ ஆளணியோ அவரிடம் இருக்கவில்லை. போட்டி அவர் கையை விட்டுப் போனது. அவர் சத்தம் போடுகிற ஆளும் அல்லர், மாநாடுகளில் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் இல்லை. 1973இல் ஓய்வுபெற்றார். இந்தியாவின் எந்த விஞ்ஞானக் கழகமும் அவரை அங்கத்தவராகத் தெரிவு செய்யவில்லை. பெரிய அரச விருது எதுவும் வரவில்லை. வெள்ளைக்காரன் மதிக்கவில்லை என்ற வழக்கமான முறைப்பாட்டை இங்கே வைக்க முடியாது. அவரை முதலில் மறந்தது சொந்த நாடு.

1978இல் ஸ்டொக்ஹோமிலிருந்து அழைப்பு வந்தது. நோபல் மன்றம் கொலராவும் அதைச் சார்ந்த வயிற்றோட்டங்களும் பற்றி நடத்திய கருத்தரங்குக்கு வரும்படி கேட்டிருந்தார்கள். அறுபத்து மூன்று வயதில் போனார். அறுபதுகளின் தொடக்கத்திலேயே தான் இறந்துபோய்விட்டதாகவும், தன்னைத் தோண்டியெடுத்தது இந்தக் கருத்தரங்குதான் என்றும் பொருள்பட அங்கே பேசினார். மண்டபத்தில் இருந்தவர்களில் பலரின் தொழிலே அவருடைய இரண்டு பக்கக் கட்டுரையில்தான் தொடங்கியிருந்தது. நோபல் பரிசு பெற்ற ஜொஷுவா லெடர்பேர்க், டேயின் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அந்தப் பரிசுக்கு முன்மொழிந்ததாகப் பிற்பாடு எழுதினார். பரிசு வரவில்லை.

1985 ஏப்ரல் 15ஆம் திகதி அவர் இறந்தார். இந்தியாவின் 'கரண்ட் சயன்ஸ்' சஞ்சிகை அவருக்காக ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது 1990இல்.

மறு வருடம், 1991இல், பால்டிமோரில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் அலெசியோ ஃபசானோ என்ற குழந்தை மருத்துவரும் சகாக்களும் கொலராத் தடுப்பூசிக்காக ஒரு பற்றீரியா வகையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். டே கண்ட நஞ்சின் மரபணுவை அதிலிருந்து நீக்கியிருந்தார்கள். ஆனாலும் அதைக் குடித்தவர்களுக்கு இலேசான வயிற்றோட்டம் வந்தது. தேடியபோது இன்னொரு புரதம் அகப்பட்டது. அது கலத்தின் படலைகளைத் தொடாமல் நேரே இறுக்கச் சந்தியைத் தளர்த்தியது. பிறகு, கொலராப் பற்றீரியா வெளிவிடும் ஒரு நொதியம் ஓக்லூடின் புரதத்தையே வெட்டுகிறது என்றும் தெரியவந்தது. ஊடுபுகவிடும் தன்மை மாறுகிறது என்ற டேயின் பழைய எண்ணம் முற்றாகப் பிழையுமில்லை என்றாகியது, வேறொரு பொருளின் வழியாக.

அந்த ஆய்விலிருந்து கிளைத்த ஒரு கிளை இன்று யூடியூப் வரைக்கும் வந்திருக்கிறது. ஒழுகும் குடல் என்று சொல்லித் தூளும் குளிசையும் விற்பவர்கள் தமிழிலும் இருக்கிறார்கள். களைப்பு, முடி உதிர்வு, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் குடல் வேலியே காரணம் என்கிறார்கள். கோதுமைப் புரதம் தூண்டும் சீலியாக் நோயிலும் குடல் அழற்சி நோய்களிலும் இறுக்கச் சந்திகள் தளர்வது உண்மை. அது காரணமா விளைவா என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். ஆரோக்கியமான ஒருவரின் சிறுகுடலும் கசியத்தான் செய்யும் என்று மேலே சொன்னேன். இதைத் தூள் விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.

பால்டிமோர் குழுவிடம் நவீன மரபணு முறைகள் இருந்தன, குடற்சுவரின் மின்தடையை அளக்கும் கருவியும் இருந்தது. அந்தக் கருவிக்குள் அவர்கள் பொருத்திப் பார்த்தது முயலின் சிறுகுடல் துண்டொன்றை.